மனுவில் எழுத முடியாத வரி

ஜெயங்கொண்டம் தாலுகா ஆபீஸ் வாசலில் நேற்று கார்பன் தாளின் வாசனை அடித்தது. வாரிசுச் சான்றிதழுக்காகப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் போய் நான்கு மாதமாகிறது. உனக்குத் தெரியாது, நீ அவருக்கு முன்பே போய்விட்டாய். புங்கமரத்தடியில் நீ மேசை போட்டு மனு எழுதிய இடத்தில் இப்போது ஒரு பெண் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். "என்ன மனும்மா? சீக்கிரம் சொல்லுங்க" என்றாள். ஐந்து நிமிடத்தில் அச்சடித்த தாளை நீட்டினாள். பக்கத்தில் ஒரு பெரியவர் மட்டும் இன்னும் கார்பன் வைத்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். உன் விரல்களில் எப்போதும் இருந்த நீல வாசனை அது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்குப் போனாலும் யாரும் இல்லை.

நீ யாரிடமும் என்ன மனு என்று கேட்டதில்லை. "சாப்டீங்களா?" என்பாய். பிறகு, "என்ன ஆச்சு, மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்பாய். என்னிடமும் அப்படித்தான் கேட்டாய். அரியலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் கேட்டு மனு எழுத வந்திருந்தேன். நான் பாட்டு டீச்சர் என்று தெரிந்ததும் பேனாவை மூடி வைத்தாய். மேசைக்கு அடியில் இருந்த பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாய். "இதுக்கு மெட்டு போடுவீங்களா?" என்று கேட்டாய். மனு எழுதும் கைக்கு வெட்கமே கிடையாது. ஆனால் அந்த நோட்டைக் கொடுத்துவிட்டு நீ என்னைப் பார்க்காமல் புங்கமரத்தைப் பார்த்தாய்.

அதில் இருந்தது, பேச்சே இல்லாமல் முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண்கள்தான் கதை. எட்டுப் பேரைச் சேர்த்தோம்: தையல்காரி, நர்ஸ், பால்வாடி ஆயா என்று ஆளுக்கொரு வேலை. வாலிகண்டபுரம் திருவிழாவில் முதல் தடவை போட்டபோது பாதியில் மைக் போய்விட்டது. நீ மேடைக்குப் பக்கத்திலிருந்து, "கத்துங்கடி, கடையில கத்துற மாதிரி கத்துங்க" என்றாய். அன்று சனம் எழுந்து போகவில்லை.

அதையும் சேர்த்து ஒன்பது வருஷத்தில் ஒன்பது நாடகம். சனிக்கிழமையானால் தா.பழூருக்கு உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். மெட்டு முதலில் வருமா, சொல் முதலில் வருமா என்று ஒருநாள் உன் தம்பி கேட்டான். "பசிதான்டா மொதல்ல வரும், சோத்தப் போடு" என்றாய். பள்ளி நூலகத்தில் படித்த ஒன்றை அன்று உன்னிடம் சொன்னேன். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் நம்மைப் போலவே பாட்டு நாடகம் போட்டார்களாம். இசை அமைத்தவர்கள் பேர் நிலைத்துவிட்டது, நாடகமும் பாட்டும் எழுதியவர்களில் பல பேரை இன்று யாருக்கும் தெரியாதாம். நீ குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாய்: "பேரு போனா போவட்டும் புள்ள. சொல்லு போவக் கூடாது."

பத்தாவது நாடகத்துக்கான வரி உன் மேசைக்கே வந்தது. செந்துறைப் பக்கத்திலிருந்து அஞ்சலை என்ற அம்மா மனு எழுத வந்தாள். பயிர் வைத்த கொல்லையைச் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டக் கொடுத்துவிட்டு, கல் எடுத்து முடிந்த பிறகு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். "குழிய மட்டும் எங்கிட்டயே வுட்டுட்டாங்க தாயி" என்று அவள் சொன்னதை உன்னால் மனுவில் எழுத முடியவில்லை. 'மேற்படி நிலம் சாகுபடிக்குத் தகுதியற்ற நிலையில் உள்ளது' என்று எழுதினாய். மறுநாள் எனக்குப் பாட்டாக எழுதிக் கொண்டுவந்தாய்:

எங்கொல்லைய வெட்டிக் கொண்டு போனீங்க,
குழிய மட்டும் எனக்கே விட்டீங்க.

அந்த இரண்டு வரிக்கு மெட்டுப் போட எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. நாடகமே அதன்மேல்தான் நின்றது. கடைசிக் காட்சியில் எட்டுப் பேரும் சேர்ந்து மூன்று முறை பாட வேண்டும்.

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த விழாவில் அரங்கேற்றம். நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு விழாக்குழு ஆள் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "டீச்சர், எல்லாம் நல்லாருக்கு. அந்தக் குழி வரி மட்டும் வேணாம். ஆலைலேர்ந்து வர்ற பெரிய மனுசங்க மனசு சங்கடப்படும். அத மாத்துனா திருச்சில போடுறதுக்கு நானே ஏற்பாடு பண்றேன்" என்றார். திருச்சி மேடை. நாற்பது வயது வரைக்கும் பிரேயர் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவள் நான். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. குழி வரிக்குப் பதிலாக நானே எழுதினேன்: 'ஊருக்கெல்லாம் வெளக்கு வச்சீங்க.' மெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. உனக்குத் தெரியும் என்று மற்றவர்களிடம் பொய் சொன்னேன்.

நீ அன்று மேடைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. எனக்குச் சொல்லாமல் அஞ்சலையைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். அவள் வாயிலிருந்து வந்த வரியை எட்டுப் பேர் பாடுவதை அவள் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாய். ஆர்மோனியத்திலிருந்து நிமிர்ந்தபோதுதான் உங்கள் இருவரையும் பார்த்தேன். அப்போது இரண்டாவது முறை பாடிக்கொண்டிருந்தார்கள். என் விரல் நிற்கவில்லை. நின்றிருக்கலாம். மூன்றாவது முறையும் வாசித்து முடித்தேன். கைதட்டல் ஓய்வதற்குள் நீங்கள் இருந்த நாற்காலிகள் காலியாகிவிட்டன.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாய். நீ சத்தம் போடவில்லை.

"அந்தம்மா என்னக் கேட்டுச்சு, 'நம்ம வார்த்த எப்ப தாயி வரும்'னு. நாடகம் முடியிற வரைக்கும் கேட்டுச்சு. நான் என்ன சொல்றது?"

"திருச்சிக்குப் போனா பழையபடி..."

"ஒன் மெட்ட நான் என்னிக்காவது தொட்டிருக்கேனா?"

பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வரேங்க டீச்சர்" என்றாய். அந்த 'ங்க' என்மேல் விழுந்த இடம் இன்னும் வலிக்கிறது.

திருச்சி மேடை கிடைக்கவே இல்லை. கிடைத்திருந்தாலும் நான் போயிருப்பேனா என்று தெரியவில்லை. என்னால் ஒரு வரிதான் எழுத முடிந்தது. அதுவும் அப்படி ஒரு வரி. நீ மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாய். திருமானூர்ப் பக்கத்துக் கூத்துக்காரர்களுக்கு எழுதினாய். காதுகுத்துக்கும் எழுதினாய், தேர்தல் ஆட்டோவுக்கும் எழுதினாய். ஸ்பீக்கரில் போகும்போதே இது உன் வரி என்று எனக்குத் தெரிந்துவிடும். வேறு யாரோ போட்ட மெட்டில் அது நொண்டுவதும் தெரியும். வழியில் பார்த்தால் "நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்பாய். ஏழு வருஷம் அந்த ஒரு கேள்விதான். நானும் நல்லாருக்கேன் என்றுதான் சொன்னேன். உனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதை நீ சொல்லவில்லை. நீ போன செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது.

நேற்று அந்த அச்சடித்த மனுவைப் பையில் வைத்துக்கொண்டு, அரியலூர் பஸ்ஸுக்குப் போகாமல் செந்துறை பஸ்ஸில் ஏறினேன். அஞ்சலை இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. ஊருக்குப் போய் விசாரித்தேன். வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டை காய வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

"யாரும்மா?"

"நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்ச டீச்சர்ம்மா. அன்னிக்கு ஒங்க வார்த்தைய மாத்துனது நாந்தான். அத இன்னிக்குப் பாடிக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் பாடிவிட்டேன். சுருதி இல்லை, மூச்சும் போதவில்லை. இரண்டு வரியையும் மூன்று முறை பாடினேன். அவள் முந்திரிக்கொட்டையைத் துழாவிக்கொண்டே கேட்டாள்.

"கேட்டிருக்கேனே தாயி" என்றாள்.

"எப்பம்மா?"

"அன்னிக்கே. திரும்பி வரும்போது பஸ்ஸுல அந்தப் புள்ள பாடிக் காட்டுச்சே. எறங்குற வரைக்கும் பாடுச்சு. கண்டக்டரு கூட சிரிச்சாரு. ஒன்ன மாதிரி நல்லா வராது அதுக்கு, கொரலு பிசிறும். 'வார்த்த ஒன்னோடது, மெட்டு என் சேக்காளியோடது, எப்டி இருக்கு பாரு'ன்னு கேட்டுச்சு."

என்னால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. ஒரு கை முந்திரிக்கொட்டையை அள்ளிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

நீ பாடி நான் கேட்டதே இல்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. எவ்வளவு கெஞ்சியும், "எனக்குக் கொரலு இல்ல புள்ள" என்று சொல்லிவிடுவாய். இப்போது அதைத்தான் கேட்க முயன்றுகொண்டிருக்கிறேன்: ஓடுகிற பஸ்ஸில், என்மேல் அவ்வளவு கோபமாக இருந்த அன்று, பிசிறு தட்டிய குரலில் என் மெட்டைக் கொஞ்சமும் மாற்றாமல் நீ பாடிக்கொண்டு போனதை.