உடுத்தாத வேட்டி

அண்ணா,

அலமாரியைத் திறந்தாலே மஞ்சள் வாசனை வருகிறது. பங்காளிகள் கொண்டுவந்த புது வேட்டி, மூலையில் தடவிய மஞ்சளோடு மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. உங்கள் வருஷத் திதி முடிந்த மறுநாள் வந்தார்கள். உங்களுக்குக் கொள்ளி வைத்தவன் நான். எண்ணெய் தேய்த்துக் குளித்து நான் அதை உடுத்தியிருந்தால் ஊரின் துக்கம் தீர்ந்திருக்கும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வேட்டைப் போட்டியும் நடந்திருக்கும்.

திருப்பதியில் ஆராய்ச்சி வேலை முடிந்து ஊரோடு வந்த நாள் முதல் அந்தப் போட்டியோடுதான் மல்லுக்கட்டினீர்கள். அதிக முயல் அடிக்கும் கோஷ்டிக்கு ஒரு கிடா பரிசு. முயல்களை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டு மேளத்தோடு வருவார்கள். நீங்கள் மடக்கு நாற்காலியை ஓடைக்கரையில், வலை கட்டும் இடத்திலேயே போட்டு உட்கார்ந்துகொள்வீர்கள். திருப்பதி மலையேறும்போது அலிபிரியில் மானைக் கண்டால் கும்பிடுகிறவர்கள் இங்கே முயலைத் துரத்துகிறார்களே என்று கேலி செய்வீர்கள். ஒருமுறை செத்த சினைமுயல் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "இதுக்கு எவ்ளோ மார்க்குப்பா? வயித்துல இருக்கறதையும் சேத்துக்கினு சொல்லுங்க." ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஆனாலும் அடுத்த தையில் வலை கட்டினார்கள்.

போலீசைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் மறுத்துவிட்டீர்கள். "பயந்து நிறுத்துனா அது நிறுத்துனது இல்லடா. அவங்களுக்கா வேணாம்னு தோணணும்."

மார்கழியில் போய்ச் சேர்ந்தீர்கள். ஊரே நமக்குப் பங்காளிகள்தான். ஒரு வருஷம் பண்டிகை இல்லை, வேட்டையும் இல்லை என்று உங்கள் தலைமாட்டிலேயே பேசிக்கொண்டார்கள். எனக்கு அழுகை நின்றுவிட்டது. சந்தோஷப்பட்டேன் அண்ணா. இதை அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த வருஷம் வேட்டியை நீட்டியவர் நம் சித்தப்பா. "கட்டிக்கினு வாடா. பசங்க வலைய எடுத்து வச்சிக்கினு நிக்கறாங்க."

"எனக்கு இன்னும் துக்கம் ஆறல சித்தப்பா" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. அவர் கண் கலங்கி, என் தோளைத் தட்டி, வேட்டியை வைத்துவிட்டுப் போனார். என்னால் இரண்டாம் வருஷமும் ஊரில் ஒரு வீட்டிலும் பொங்கல் பானை ஏறவில்லை. யாரும் கோபப்படவில்லை, அண்ணன்மேல் எவ்வளவு பாசம் என்று உருகுகிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

போட்டி நாளன்று உங்கள் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். ஒரு முயல் புதரிலிருந்து வந்து நிதானமாகப் புல் மேய்ந்தது. என்னால் அதை நேராகப் பார்க்க முடியவில்லை. நீங்கள் பேசி நிறுத்த நினைத்ததை, நான் உங்கள் சாவைக் காட்டி நிறுத்தியிருக்கிறேன்.

அடுத்த தைக்குள் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். நின்று, உங்களைப் போலக் கேட்க வேண்டும். நாற்காலி என்னிடம்தான் இருக்கிறது. வாய்தான் இன்னும் வரவில்லை.