ஒற்றை டிக்கும் பதினோரு நாளும்

அன்பு மகள் வாண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை முந்தாநாள் உன் வாயாலேயே கேட்டுவிட்டோம், இருந்தாலும் அதை விசாரிக்காமல் தொடங்கினால் பேனா நகர மாட்டேன் என்கிறது, சுகம்தானே? முந்தாநாள் போனில் பாதி நேரம் அம்மா அழுதாள், மீதி நேரம் நீ அழுதாய், நடுவில் நான் "சாப்டியா, சாப்டியா" என்று ஏழெட்டுத் தடவை கேட்டதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. நடந்ததை முழுசாகச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ "இந்த வருஷமும் லீவு கிடைக்கலப்பா" என்றதும் எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "வரவே வேணாம், போனும் பண்ண வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் கோபம் போய்விட்டது, வீம்பு போகவில்லை. அம்மா தட்டை வைப்பாள், தண்ணீரை வைப்பாள், பேசாமல் போய்விடுவாள். "கார்ல ரெண்டு பக்கமும் பிரேக் வச்சு ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுக்கறீங்க, வாய்க்கு ஒரு பிரேக் வைக்கக் கூடாதா" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், அதோடு சரி. செவ்வாய்க்கிழமை காலையில் சரி, நாமே இறங்கிப் போவோம் என்று போனை எடுத்து, உன்னோடு பேசுகிற ஆப்பைத் தொட்டேன். திறக்கவில்லை. உன் படமும் இல்லை, பழைய பேச்சும் இல்லை, ஆங்கிலத்தில் மூன்று வரி, கீழே ஒரு பட்டன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான், நீ என்னை பிளாக் பண்ணிவிட்டாய். யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாம், ஆனால் பெற்ற பெண்ணே கதவைச் சாத்திவிட்டாள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அம்மாவிடம்கூட "அவ பிசியா இருப்பா" என்று மழுப்பினேன். நம் வீட்டில் இருப்பதோ இந்த ஒரு போன், அதில் வெளிநாட்டுக்கு நேராக எண்ணைப் போட்டுப் பேசும் வசதியும் கிடையாது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் தையல்காரம்மாவுக்கு வகுப்பு. ஐம்பத்திரண்டு வயசு, டெஸ்டில் ரெண்டு தடவை தோற்றும் விடாமல் வருகிறாரே, அவர்தான். மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிவிட்டு நான் கண்ணாடியைப் பார்க்காமல் மடியில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், வண்டி போய் மூலைக் கம்பத்தில் முட்டிவிட்டது. பெரிய அடி இல்லை, விளக்குக் கண்ணாடி மட்டும் போயிற்று. ஆனால் இருபத்தேழு வருஷத்தில் என் பக்கத்து பிரேக்கை நான் மிதிக்காமல் விட்டது அன்றுதான். அந்த அம்மா பயந்துபோய், "சார், உடம்பு சரியில்லையா" என்று கேட்டார். என்னை அறியாமல் போனை அவரிடம் நீட்டி, "என் பொண்ணு என்னை அடைச்சுட்டாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அந்த மூன்று வரியைப் படித்தார். "யாரும் அடைக்கல சார், உங்க போன்தான் கிழடாயிடுச்சு, அப்டேட் பண்ணியே எத்தனை காலம் ஆச்சு" என்றார். நான் ஒருநாளும் செய்ததில்லை. நீதானே கிளம்பும்போது "போன்ல என்ன வந்தாலும் கண்டதையும் அமுக்காதீங்கப்பா, எல்லாம் ஏமாத்து வேலை" என்று சொல்லிவிட்டுப் போனாய், மூன்று வருஷமாகப் போன் அப்டேட் கேட்கும்போதெல்லாம் 'பிறகு, பிறகு' என்று விரட்டி, என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

அவர் கடைக்கே போனோம், அங்கே நெட் நன்றாக இருக்குமாம். முதலில் இடம் போதாது என்றது. என் சட்டைப் பைக்குள் அது தானாக எடுத்துக்கொண்ட இருட்டு வீடியோ இருபத்தாறு இருந்தது, எல்லாவற்றிலும் நான் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்துகிற சத்தம் மட்டும். அழித்தோம். பிறகு சார்ஜ் ஏற்றினோம். பிறகு ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, திடீரென்று திரை கறுப்பாகிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது, உன் பேச்செல்லாம் அதோடு போயிற்று என்று எழுந்து நின்றுவிட்டேன். "உட்காருங்க சார், அது தூங்கி எந்திரிக்குது" என்று பிளவுஸ் துணி வெட்டிக்கொண்டே சொல்கிறார். எழுந்தது. அதற்கப்புறம் அந்த ஆப்பையும் புதுசாக்கினார். அடுத்த நிமிஷம் டிங் டிங் என்று பத்தொன்பது செய்தி.

வரிசையாகப் படித்தேன். "சாரிப்பா." "லீவு கேட்டிருக்கேன்." "கிடைச்சிருச்சுப்பா, டிக்கெட் போட்டுட்டேன்." "ஏன்பா ஒரு டிக்கே காட்டுது, என்னை பிளாக் பண்ணிட்டீங்களா?" கடைசியில், "நாளைக்குள்ள பதில் இல்லன்னா நான் வர்றது உங்களுக்குப் பிடிக்கலன்னு டிக்கெட்டைத் திருப்பிடறேன்." நீ வைத்த அந்தக் கெடு மறுநாள் காலையோடு முடிகிறது. இன்னும் ஒரு பொழுது கழித்து அந்தக் கம்பத்தில் முட்டியிருந்தால்? "வா" என்று ஒரே எழுத்தை அடிக்க எனக்கு அவ்வளவு நேரமாயிற்று. அந்த அம்மா ஒன்றும் பார்க்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷினை வேகமாக ஓட்டினார், நான் மூக்கை உறிஞ்சியது தெருவுக்குக் கேட்டிருக்காது.

நீ உன்னைத் திட்டிக்கொள்ளாதே, நீ சொன்னது நல்ல புத்திதான். தெரியாத ஆள் அனுப்பும் எதையும் நான் இப்போதும் தொடுவதில்லை. போனின் செட்டிங்ஸுக்குள் நாமே போய்ப் பார்த்து அங்கேயும் அப்டேட் கேட்டால் செய்யலாம் என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார், நானே தனியாக ஒரு தடவை செய்தும் பார்த்துவிட்டேன். அம்மா உன் அறைத் திரைச்சீலையை எல்லாம் கழற்றித் துவைத்துப் போட்டுவிட்டாள், குழாய்க்காரர் வந்து குளியலறைக் குழாயின் ஒழுகலை அடைத்துவிட்டார். தையல்காரம்மாவுக்குப் புதன்கிழமை டெஸ்ட், இந்தத் தடவை தேறிவிடுவார்.

ஒன்று மட்டும் போனில் சொல்ல வாய் வரவில்லை. வரவே வேண்டாம் என்றேனே, அது பொய். மூன்று வருஷமாக உன்னைப் பார்க்காததைச் சொல்லத் தெரியாமல் அப்படிச் சொன்னேன்.

நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், நீ நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள். விமானம் ஏறும் முன் ஒரு வரி போடு, நாங்கள் ரெண்டு பேருமே அழைத்துப் போக வருகிறோம்.

"எழுதினது போதும், மிச்சத்தை அவ வந்ததும் பேசிக்கலாம்" என்று அம்மா விளக்கை என் பக்கமாக நகர்த்தி வைக்கிறாள்.

உன் வரவுக்கு நாள் எண்ணும்,
அப்பா