திரைக்கு வெளியே எழுதிய அறிக்கை

ஆம்பூர்
9 ஜூலை 1938

அன்பு மகள் சலோமிக்கு,

உன் காலேஜிலிருந்து சமூக சேவைப் பயிற்சிக்கு நீ இங்கே அனுப்பிய மாணவர்கள் ஒரு நல்ல தாயைத் தகுதியற்றவள் என்று எழுதிவிட்டார்கள், நீயும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க முடிகிறது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். பம்பாய் மழையில் உன் இருமல் எப்படி இருக்கிறது, மிளகுப்பொடி அனுப்பியிருக்கிறேன், பாலில் போட்டுக் குடி.

பின்தெரு சுகரா பேகத்தின் புருஷன் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் விழுந்து இறந்ததிலிருந்து அவள் இத்தாவில் இருக்கிறாள். ஆம்பூரில் வளர்ந்த உனக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை, உன் மாணவர்களுக்கு நீ விளக்கியிருக்க வேண்டும். நான்கு மாதம் பத்து நாள் அவள் வெளியே வரமாட்டாள், அந்த வீட்டு வழக்கப்படி அந்நிய ஆண் காதில் அவள் குரல்கூட விழக்கூடாது. உன் மாணவர்கள், இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும், நடையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். இந்துஸ்தானி தெரியும் என்பதால் வீடும் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பதில் வராததால் தாய் பேச மறுக்கிறாள், அறைக்குள் அடைந்து கிடக்கிறாள், பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவள் என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் எழுந்து உள்ளே போயிருந்தால், சுகரா தன் சின்னவனுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பாள். அவர்களைக் கூட்டிப்போன நானும் என் பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்று வாசலிலேயே திரும்பிவிட்டேன், அந்தத் தப்பு என்னுடையது. இப்போது அந்த அறிக்கையை நம்பி நிவாரணக் கமிட்டி வருகிற முதல் தேதி சுகராவின் இரண்டு பிள்ளைகளையும் சென்னை அனாதை இல்லத்துக்குக் கொண்டுபோகிறதாம். தாய் உயிரோடு இருக்க அனாதைகள்! நேற்று போனபோது சுகரா என் கையை விடவேயில்லை. "இன்னாக்கா, வாயத் தொறக்காம இருந்ததுக்குப் புள்ளைங்களப் புடுங்கிப்பாங்களா?" என்றாள். அவள் நாத்தனார் வஹீதா, "உன் பொண்ணு காலேஜ்ல திரைன்னா ஜெயிலுன்னு சொல்லிக் குடுக்கறாங்களா?" என்று சிரித்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கண்ணு, நீ கல்நெஞ்சக்காரி இல்லை. இருபது அறிக்கைக்கு நடுவில் இதையும் அவசரமாகப் புரட்டியிருப்பாய். பிறர் வீட்டில் எங்கே உட்காருவது என்று சொல்லித்தருமுன் என்ன கேட்பது என்று சொல்லித்தந்துவிட்டாய். அந்த மாணவப் பிள்ளைகளைத் திட்டாதே, அவர்களும் யாரோ பெற்றவர்கள்தான். திரும்பக் கூட்டி வந்து, பெண்ணைத் திரைக்குள் அனுப்பிக் கேட்க வை.

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஈரத்தலையோடு படுக்காதே.

உன் அம்மா,
ஜெயபுஷ்பம் ஆபேல்

பி.கு.: செவ்வாய்க்கிழமை நான் அடித்த தந்திக்கு உன்னிடமிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. அறிக்கையில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று கமிட்டிக்கு எழுது. எழுதுவாயா?