நியூட்ரல் கம்பியின் சூடு

மார்ச் 4
தெரு டிரான்ஸ்பார்மர் இன்றும் கொதித்து நின்றுவிட்டது. நான் மின் அலுவலகத்தில் இன்ஜினியர் என்பதால் தெருக்காரர்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். எல்லோரும் கைகாட்டுவது டூஃபி அக்காவின் மீன் குளிர்கிடங்கை. “அந்தக் கிழட்டு மோட்டார்தான், ஃப்ரேமா! லைனைப் பிடுங்கு” என்கிறார் தெருச் சங்கத் தலைவர் டொங்கோர். அதை முடிவு செய்ய ஞாயிறன்று கூட்டம்.

மார்ச் 5
சாதாரண மீட்டரில் அளந்தேன். சுமை அளவுக்குள்தான். பிறகு ஏன் இந்தச் சூடு?

மார்ச் 6
அலைவடிவம் காட்டும் கருவியோடு போனேன். அக்காவின் மோட்டார் சீராகத்தான் இழுக்கிறது. ஆனால் மூன்று கம்பிகளின் மின்சாரமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, கிட்டத்தட்ட காலியாக இருக்க வேண்டிய நியூட்ரல் கம்பி, மற்ற கம்பிகளுக்கு இணையாகச் சுமக்கிறது! கணினி, எல்இடி விளக்கு, சார்ஜர் — எல்லாம் மின்சாரத்தை வெடுக் வெடுக்கென்று பிடுங்குபவை. அந்த வெடுக்குகள் நியூட்ரலில் ஒன்றோடொன்று கழியாமல் கூடிக்கொள்கின்றன. டிரான்ஸ்பார்மர் சுருளிலும் வீண் சூடு. சாதாரண மீட்டருக்கு இது சரியாகத் தெரியாது.

இணைப்பு இணைப்பாகப் பார்த்தேன். பெரும்பகுதி வருவது கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து. பாரிமாவின் சென்டர். என் புருஷனுடையது.

மார்ச் 7
இரவுச் சாப்பாட்டில் பாரிமாவிடம் சொன்னேன்.
“என் கம்ப்யூட்டர் ஒண்ணொண்ணும் எவ்வளவு தின்னுடப் போகுது?”
“எவ்வளவுங்கிறது இல்ல. எப்படி இழுக்குதுங்கிறதுதான்.”
“இதைக் கூட்டத்துல சொல்லப்போறியா?”
நான் அவன் தட்டில் குழம்பை ஊற்றினேன். ஃபுஃபூ களியைத் தொடாமலே எழுந்து போய்விட்டான்.

மார்ச் 8
சொல்லாமல் இருந்தால்? அக்காவின் பிழைப்பு போகும். டிரான்ஸ்பார்மர் அப்போதும் எரியும். இதில் யோசிக்க என்ன இருக்கு? இருக்கே — அவன் முகம் இருக்கே.

மார்ச் 9, ஞாயிறு
டிரான்ஸ்பார்மர் அடியிலேயே கூட்டம். சொல்லிவிட்டேன்.
“புருஷன் மேல என்னம்மா கோவம்?” என்றார் டொங்கோர். ஒரே சிரிப்பு.
“சென்டரை அணைச்சுப் பாருங்க” என்றேன். யாரும் அசையவில்லை. பாரிமாதான் எழுந்தான். யாரையும் பார்க்காமல் போய் அணைத்தான். என் கருவியின் திரையில் நியூட்ரல் எண் மடமடவென்று சரிந்தது. சிரித்தவர்கள் திரையை எட்டிப் பார்த்தார்கள்.
அக்காவின் லைனில் யாரும் கைவைக்கவில்லை.

மார்ச் 10
பாரிமா சாப்பாட்டைச் சென்டருக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 30
சென்டரில் அலையைச் சீராக்கும் வடிகட்டி பொருத்தியாகிவிட்டது. இன்னும் பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். மற்ற வீடுகளிலும் இந்தச் சாமான்கள்தானே பெருகுகின்றன.

மதியம் டூஃபி அக்கா ஒரு பெரிய மீனோடு வந்தார். நான் கை நீட்டினேன்.
“உனக்கில்ல. அவனுக்கு. எழுந்து போய் அணைச்சது அவன்தானே?”
பாரிமா அதை அவனே சமைத்தான். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. நடுத்துண்டை மட்டும் என் தட்டில் வைத்தான்.