ரிஸானா பேரில் வைத்த குழாய்

சங்கரன்கோவில்
வெள்ளிக்கிழமை

அருமை மகன் ஷாஜித்துக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் ரியாத்துக்குத் திரும்புகிற ராஜேஷ்குமார் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தங்கச்சி ரிஸானா காய்ச்சலில் மவுத்தான பிறகு அவள் பேரில் தெருவுக்கு ஒரு போர் போட்டுக் குழாய் வைத்தோமே, குடிக்கிறவர்கள் தாகம் தீரத் தீர அவள் கபுருக்கு நன்மை போய்ச் சேரும் என்று, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாதாம் மக்கா. ஊர்த் தண்ணீரில் இயற்கையாக எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளக்க ப்ரியதர்ஷினி என்று ஒரு ஆராய்ச்சிப் பிள்ளை தெருத்தெருவாக வந்தாள். நம்ம குழாயிலும் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் பாட்டிலை நிறைத்து மூடினாள். வாப்பாவுக்கு ஒரே பெருமை, நம்ம தண்ணியக் குடிச்சுப் பாரும்மா, கற்கண்டா இருக்கும் என்றார். முடிவு வந்தது, நகராட்சிக் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரில் பயமில்லையாம், நம்ம போரில் மட்டும் யுரேனியம் அளவுக்கு மேலே இருக்கிறதாம். யாரும் கலந்ததில்லை, ஆழத்துப் பாறையிலிருந்தே கரைந்து வருகிறதாம். கோடையிலும் வற்றக் கூடாது, மகள் பேர் நிற்கணும் என்று வாப்பாதான் போர் வண்டிக்காரரை இன்னும் இறக்கு, பாறையைத் துளைச்சுப் போ என்று விரட்டினார். ஆழத்துத் தண்ணீர் என்றால் சுத்தம் என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம். வாப்பா கெஞ்சவும் அந்தப் பிள்ளை மறுபடியும் அளந்து பார்த்தாள், மாறவில்லை.

எனக்கு நெஞ்சே ஆறவில்லை. பிள்ளைக்கு நன்மை சேரட்டும் என்று வைத்து, தெருப் பிள்ளைகளுக்குக் கெடுதலை ஊற்றிக் கொடுத்துவிட்டோமே. எதிர்வீட்டுப் பிச்சம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன், நீங்க என்ன செய்வீங்க மதினி, பாறைக்குள்ள இருக்கது யாருக்குத் தெரியும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நேற்று நகராட்சி ஆள் வந்து, ரிஸானா பேர் வெட்டிய கல்லில் அந்தப் பேருக்குக் கீழேயே குடிக்காதீர்கள் என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார். அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை, பேரை மட்டும் செதுக்கி எடுத்துவிடுங்கள் என்று வாப்பாவிடம் அழுதேன். அவரோ, பேரு இருக்கட்டும் ஜுலைகா, வெறும் எழுத்தை எவன் பாக்கான், தாகத்துல குடிச்சிருவான், நம்ம ரிஸானா வேண்டாம்னு சொல்லுதாள்னா ஒருத்தரும் வாய் வைக்க மாட்டாங்க என்றார்.

அப்படிச் சொன்னவர்தான், இன்று ஜும்ஆவுக்கு அந்தக் குழாய்ப் பக்கம் போகாமல் இந்த வெயிலில் சுற்றுத்தெரு வழியாகப் பள்ளிவாசலுக்குப் போனார். போனில் அவரிடம் இந்தப் பேச்சை எடுக்காதே மக்கா. தொழுகையை விடாதே, தங்கச்சிக்குக் கேட்கிற துஆவில் அவரையும் சேர்த்துக்கொள். அல்லாஹ் உன்னைக் காப்பாற்றி எங்கள் கண்ணில் காட்டட்டும்.

உன் உம்மா
ஜுலைகா பீவி