தண்ணீருக்குள் இருமிய எஞ்சின்

பொன்மலை
3-9-1961

மகன் சண்முகத்துக்கு அப்பா ஆசீர்வாதம்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! ரிட்டயரான பிறகு இரவுப் பள்ளியில் சேர்ந்து எழுத்து வந்துவிட்டது. ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது, ஆனாலும் என்ன சந்தோஷம்!

விமானம் ஓட்டும்போது உயரே போனால் பெட்ரோலைக் குறைப்பேன் என்று எழுதியிருந்தாய். ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டே காலம் கழித்தவன் நான். பட்டினி போட்டால் எந்த எஞ்சின் ஓடும்?

நேற்று ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளிக்கும்போது ஒரு விமானச் சத்தம். வறட்டு இருமல். நிமிர்ந்தால் வானத்தில் ஒன்றுமில்லை. "உங்க காதுலதான் எஞ்சின் ஓடுது" என்கிறாள் உன் அம்மா. ரொம்பக் குறைக்கிறாயா?

மருதை
(நானே போட்ட கையெழுத்து)

பெங்களூர்
8-9-1961

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை விமான கிளப்பில் எல்லோருக்கும் காட்டினேன்.

மேலே காற்று மெலிசு. பெட்ரோல் அதே அளவு போனால் தீப்பொறி விடும் பிளக்கில் கரி அடையும். அதனால்தான் பெட்ரோல் அளவை மாற்றும் பிடியைக் கொஞ்சம் இழுத்துக் குறைப்போம். ரொம்ப இழுத்தால் எஞ்சின் கொதித்து வால்வு கருகும். இறங்கும்போது பிடியைப் பழையபடி தள்ளிவிட வேண்டும். மறந்தால் எஞ்சின் நின்றுவிடும். நான் மறப்பேனா?

அன்று என் விமானம் ஷெட்டில்தான் நின்றது.

சண்முகம்

பொன்மலை
14-9-1961

சண்முகம்,

இன்றும் கேட்டது. மேலிருந்து இல்லை, தண்ணீருக்குள்ளிருந்து. இருமி இருமி நின்றுபோனது. சுற்றிலும் எல்லோரும் அவரவர் பாட்டுக்குக் குளிக்கிறார்கள். "தள்ளுடா" என்று கத்த நினைத்தேன், வாய் திறக்கவில்லை. "ஏங்க இப்படி வெளுத்துட்டீங்க?" என்று அம்மா கரைக்கு இழுத்து வந்தாள்.

நான் மறுபடி எழுதும்வரை பறக்காதே.

மருதை

பெங்களூர்
18-9-1961

அப்பா,

இன்று மாலைதான் கடிதம் கிடைத்தது. காலையிலேயே பறந்துவிட்டேன்.

இறங்கும்போது பிடியை மறந்துவிட்டேன். எஞ்சின் இருமியது, நின்றது. பின் சீட்டிலிருந்து உங்கள் குரல்: "தள்ளுடா சண்முகம், தள்ளு!" தள்ளினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். சீட்டில் ஆள் இல்லை, பெல்ட் மட்டும் பூட்டியிருந்தது. நீங்கள் கூப்பிட்டுத்தான் பிழைத்தேன் அப்பா.

சண்முகம்

பொன்மலை
22-9-1961

என் ராசாவுக்கு,

நீ பிழைத்ததை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். வேறு யார் வாயாலும் கேட்கவில்லை. அதற்கே இந்த வயசில் படித்தது போதும். அம்மா சமயபுரத்துக்குப் போயிருக்கிறாள்.

ஆனால் என் கையால் பொய் எழுத மாட்டேன். அன்று காலை நான் கூப்பிடவில்லை. ஒன்றும் தெரியாமல் ரேஷன் கடையில் நின்றிருந்தேன்.

இனி ஏறும்போது பின் சீட்டில் யாரையும் உட்கார வைக்காதே. இருப்பவர் இருக்கட்டும்.

மருதை