அண்ணி குடிலில் விட்டுப்போன வெறும் புல்தரை

அண்ணி,

நேற்று மாதா கோவிலின் பின்னறைக் கதவைத் திறந்ததும் நீங்கள் பெயின்டில் கலக்கும் லின்சீட் எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அது மட்டும் போகவில்லை. உங்கள் சேலையில் அந்த வாசனை, நீங்கள் போட்டுத் தரும் காபியிலும் அந்த வாசனை. "இது காபியா, பெயின்டா?" என்று நான் கேட்காத நாள் உண்டா?

உள்ளே உங்கள் சுவர் சாய்ந்திருந்தது. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் நிறுத்த நீங்கள் வளைத்துச் செய்த ப்ளைவுட் சுவர்.

எல்லாம் அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகத்தில்தான் ஆரம்பித்தது. நம் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடியபின் கிளப் நூலகத்தைக் கழித்துக் கட்டியபோது, அமெரிக்காவில் மிருகங்களையும் பறவைகளையும் வரைந்தவர்களின் கதையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். நான் வேலை முடிந்து பெங்களூர் ரயிலில் நின்றபடியே வந்து, கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி, கால் கடுக்க வீட்டில் உட்கார்ந்தால் நீங்கள் அமெரிக்காவைத் தொடங்கிவிடுவீர்கள். நாத்தனார் என்றால் அண்ணியைப் பாடாய்ப்படுத்துவாள் என்பார்கள். நம் வீட்டில் எல்லாம் தலைகீழ்.

ஆனாலும் கேட்டேன். வாய் பிளந்துதான் கேட்டேன். பழைய காலத்து ஓவியர் ஒருவர் ஒவ்வொரு பறவையையும் அதன் முழு அளவிலேயே வரைய ஆசைப்பட்டாராம். சுட்டு வீழ்த்தி, கம்பி கோத்து, உயிரோடு நிற்பதுபோல நிறுத்தி வரைந்தாராம். நீண்ட கழுத்துப் பறவைக்குக் காகிதம் போதாமல் கழுத்தைத் தரை வரைக்கும் வளைத்துவிட்டாராம். அந்தப் படத்தைக் காட்டி, "கொன்னுட்டு இன்னா அழகா வரைஞ்சிக்கிறான் பாரு, பாவி" என்று நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். பிறகு வந்தவர்கள் மேற்கே போய், பூமியே நகர்வதுபோல ஓடிய காட்டெருமைக் கூட்டங்களை வரைந்தார்கள். அதற்கும் பிறகு அருங்காட்சியகங்களில் சுவரையே வளைத்து, மூலை தெரியாமல் வானம் தீட்டி, அதற்கு முன்னால் பாடம் செய்த மிருகங்களை நிறுத்தினார்கள். நடுவில் ஒருவர், மிருகம் தன் இடத்தில் கண்ணுக்கே தெரியாமல் கரைந்துபோவதைத்தான் வரைந்தாராம். மயில் இலைகளுக்குள் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும். ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அந்த வளைந்த சுவர் உங்களைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் வளைந்த தகட்டுக்குக் கட்டம் போட்டு வரைந்த கைதானே. நம் ஸ்கெலட்டன் குடியிருப்புக் கோவில் குடிலில் எந்த வருடமும் பஞ்சுப் பனி, ஒட்டகம். "இங்க எவன் ஒட்டகத்த பாத்தான்? நம்ம மேட்டுல மானு கீதே" என்று கோவில் கமிட்டியிடமே கேட்டீர்கள். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டு அடிவாரத்தில் மேயும் வெளிமான்களைத்தான் வரைவேன், போட்டோ பார்த்து வரையமாட்டேன், உயிரோடு என் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் வரைவேன் என்றீர்கள். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் குடையோடு கிளம்பிவிடுவீர்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு விளக்குப் போட்டதும் கோவில் முற்றமே குடிலை நோக்கித் திரும்பியது. தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண், காற்றடித்தால் நம் கண்ணிலும் சோற்றிலும் விழுகிற மண், விடியல் வெளிச்சத்தில் பெத்லகேம் மலையாக நின்றது. சுவர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறதென்று தெரியவில்லை. ஆயுசெல்லாம் அந்த மேட்டைத் திட்டித் தீர்த்த பக்கத்து வீட்டு மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

ஒரே ஓர் இடம்தான் உறுத்தியது. கீழே இடது ஓரத்தில் ஒரு பெண்மான் வெறும் புல்லை நோக்கிக் குனிந்திருந்தது. இங்கே வரைய மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"ஒரு நாளு என்கூட மேட்டுக்கு வந்து பாரும்மா" என்றீர்கள்.

இருப்பது ஒரு ஞாயிறு, அதிலும் தூக்கம் போனால் நான் என்னாவது என்று சொல்லிவிட்டேன். அடுத்த தவக்காலத்தில் காய்ச்சல் வந்து நீங்கள் போய்விட்டீர்கள். பாவம், முடிக்காமலே போய்ட்டாங்க என்று ஊரே சொன்னது. போன வருடமும் அப்படியேதான் நிறுத்தினோம்.

இந்த வருடம் புது ஃபாதர் வந்திருக்கிறார். அரைகுறைச் சுவர் வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் பிறப்பதற்குள் முடிக்காவிட்டால் ஃப்ளெக்ஸ் அடித்துவிடலாம் என்றார். இளைஞர் குழுவோ, நெட்டில் ஒரு மான்குட்டி எடுத்துப் பிரிண்ட் போட்டு அங்கே ஒட்டிவிடலாம் என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போட்டோவ ஒட்டினீங்கன்னா எங்க அண்ணி கல்லறையில இருந்து எழுந்து வருவாங்க" என்று கத்திவிட்டேன். கத்தியாயிற்று, இனி என்ன செய்வது? நேராக ஒரு கோடு போடத் தெரியாதவள் நான். உங்கள் குடையை எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் மேட்டுக்குப் போக ஆரம்பித்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது.

நேற்றுக் காலை ஒரு பெண்மான் வந்தது. கூட்டத்தை விட்டு ஒதுங்கி வந்து, வெறும் புல்லை நோக்கிக் குனிந்தது. உங்கள் மான் குனிந்த அதே மாதிரி. அங்கே ஒன்றுமே இல்லை, அண்ணி, சத்தியமாக ஒன்றுமே இல்லை. அது நாக்கை நீட்டி நக்கியது. புல்லுக்குள் ஒரு கண் திறந்தது. அப்புறம் அந்தப் புல் நான்கு காலில் எழுந்து நின்றது.

ஓட்டமும் நடையுமாக நேரே கோவில் பின்னறைக்கு வந்தேன். ப்ளைவுட் சுவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, தரையில் உட்கார்ந்து, உங்கள் மான் பார்க்கும் இடத்தையே பார்த்தேன். வெகுநேரம் புல்தான். பிறகு ஒரு கண். கண்ணிலிருந்து காது, காதிலிருந்து முதுகு. குட்டி முழுசாகப் படுத்திருந்தது. ஊரே அதன் முன்னால் முழங்காலிட்டு, பாட்டுப் பாடிவிட்டுப் போயிருக்கிறது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. விம்மி விம்மி அழுதேன்.

சத்தம் கேட்டு ஃபாதர் வந்தார். படம் முடிந்துதான் இருக்கிறது என்றேன். அவர் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, என்னையும் ஒரு மாதிரி பார்த்தார்.

"குழந்தை ஏசுவோட முன்னணையும் நடுராத்திரிப் பூசை வரைக்கும் வெறுமனேதானே கீது, ஃபாதர்? ஒக்காருங்க" என்றேன்.

நான் விரலை நீட்டிக் காட்டவில்லை. அவர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வெயில் ஜன்னலைத் தாண்டிப் போகும்வரை அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஃப்ளெக்ஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டார். இன்று காலை ரயில் ஜன்னலில் ஒரு பொட்டல் வந்தபோதும் சட்டென்று கண்ணை எடுக்க முடியவில்லை. ஞாயிற்றுத் தூக்கம் போனது போனதுதான், அண்ணி.